"படிச்சவங்க சொல்றாங்க, ஏறு!"

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் தொடங்கியது இது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பாப்பாரப்பட்டியிலிருந்து தினமும் தருமபுரிக்கு டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பி.காம். முடித்து ரொம்ப வருடம் கழித்து, ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பாடங்களை வீட்டிலேயே வீடியோவில் பார்க்கலாம். பரீட்சையை மட்டும் சென்டருக்குப் போய் எழுத வேண்டும். முதல் தடவை புள்ளியியலில் ஃபெயில். அன்று இரண்டாவது தடவை.

ஊருக்கு வெளியே ஒரு காலேஜில்தான் சென்டர். டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து கேட்டாள். கையில் பிளாஸ்டிக் கவர். பின்னால் அவளுடைய அம்மா.

"அக்கா, பரீட்சை எழுத வந்திருக்கோமுங்க. காலேஜுக்கு எந்த பஸ்ஸு?"

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமமாம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாளாம். அன்று டவுனுக்குள் ஒரு பள்ளியில் மாணவர்களுக்கு ஏதோ திறனறித் தேர்வு என்று ஆபீஸில் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"காலேஜ் இல்லம்மா, உங்களுக்கெல்லாம் ஸ்கூல்லதான் பரீட்சை" என்றேன்.

"இல்லீங்கக்கா, இது வந்து..." என்று அவள் கவரைப் பிரிக்கப் போனாள். அதற்குள் அந்தப் பள்ளி வழியாகப் போகும் பஸ் வந்துவிட்டது. நானே கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் தயங்கினாள். அவள் அம்மாதான், "படிச்சவங்க சொல்றாங்க, ஏறு" என்று அவளை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு என் பஸ்ஸில் ஏறினேன்.

காலேஜ் வாசலில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பையன். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. "நீ எங்கப்பா இங்கே?" என்றேன்.

"ஸ்கூல் படிக்கும்போதே இதுல சேரலாங்கக்கா. பாஸ் பண்ணா கிரெடிட் குடுத்துருவாங்க. நாளைக்குக் காலேஜ் போனா இந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டியதில்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது என்னிடம் இருக்கும் அதே ஹால் டிக்கெட்தான். அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அவளுடைய சீருடையைப் பார்த்து நான்தான் முடிவு கட்டிவிட்டேன்.

மணி ஒன்றரை. இரண்டுக்குப் பரீட்சை. வாட்ச்மேனிடம் சொன்னேன். "போறதுன்னா போங்க. ஆனா ரெண்டு மணிக்குக் கேட்டைச் சாத்திருவோமுங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், உடனே ஓடவில்லை. மறுபடி ஒரு தடவை தவறினால் என்ற பயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நின்றேன். பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அந்தப் பள்ளிக்குச் சற்றுத் தள்ளி ரோட்டோரம் இருவரும் நின்றிருந்தார்கள். அம்மா பதறிப்போய் வருகிற வண்டிக்கெல்லாம் கை நீட்டிக்கொண்டிருந்தார். இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். "தப்பா சொல்லிட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அதான் தேடிக்கிட்டு வந்துட்டீங்களே, போதுமுங்க" என்றார் அந்த அம்மா.

நான் என் ஹால் டிக்கெட்டையும் மணியையும் மாறி மாறிப் பார்ப்பதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள். "நீங்களும் இதே பரீட்சைதானுங்களா? எதுலக்கா கஷ்டம்?" என்று கேட்டாள். திட்டுவாள், அழுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். நிகழ்தகவில் ஒரு வகைக் கணக்கு எனக்கு ஏறவே ஏறாது என்றேன்.

அவள் நோட்டைத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் பென்சிலில் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த வரி ஓடினால் என்ன விடை வரும் என்று கட்டம் போட்டுக் கையாலேயே எழுதியிருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமாம். அதில் தட்டிப் பார்த்து, நோட்டில் எழுதியது சரிதானா என்று சோதித்துக்கொள்வாளாம். என் வீட்டில் லேப்டாப் சும்மா கிடந்தது. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி அவள் இரண்டு வட்டம் போட்டாள்.

"ரெண்டு மூட்டை கல்லக்கான்னு வெச்சுக்குங்க. ஒண்ணுல சொத்தை கம்மி, ஒண்ணுல ஜாஸ்தி. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கறீங்க, அது சொத்தை. இப்ப சொல்லுங்க, எந்த மூட்டையில இருந்து வந்திருக்கும்?"

"ஜாஸ்தி இருக்கற மூட்டைதான். இதுக்குப் போயி பரீட்சையா?" என்றார் அவள் அம்மா. கல்லக்கா பறிக்கக் கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவர் அவர். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். எத்தனையோ வீடியோ பார்த்தும் புரியாதது, குலுங்கிப் போகிற ஆட்டோவில் எனக்குப் புரிந்தது.

கேட்டைச் சாத்த நாலைந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனோம். அவளுக்கு என் பக்கத்து வரிசையில் இடம். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், கண்ணை மூடித் திறந்தாள், எழுத ஆரம்பித்தாள். நான்தான் பத்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் நம்பர் வாங்கிக்கொண்டோம். நான் பாஸ், அவ்வளவுதான். அவளுக்கு மிக உயர்ந்த கிரேடு. போன வருடம் காலேஜில் சேர்ந்ததும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "அக்கா, அந்த கிரெடிட்டை இங்க ஏத்துக்கிட்டாங்க. புள்ளியியல் கிளாஸுக்கு நான் போக வேண்டாமாம். ஆனா போறேங்க. புரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

தன்னைத் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்ட எனக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாடம் சொல்லித்தர முடிந்த அந்தப் பதினேழு வயது மனசை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அப்படி ஒரு நிதானம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை, ஆனால் அது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன்.