முன்சீட்டு

அம்மாவின் தெவசத்துக்கு வந்திருந்த தங்கம்மாவை அழைத்துப்போக வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்தது. எனக்குப் பழைய விடியற்காலைகள்தான் கேட்டன.

அம்மாவும் மலையாளத்துக்காரியான தங்கம்மாவும் போடியிலிருந்து ஒரே ஜீப்பில் ஏலக்காய் எடுக்க மலையேறியவர்கள். அம்மா அவரைச் சேச்சி என்பாள். அவர் அம்மாவை அக்கா என்பார். இரண்டுக்கும் மூத்தவள் என்றுதான் பொருள். மூத்தவளுக்கு முன்சீட்டு.

“சேச்சி, முன்னால ஏறுங்க.”

“நீங்க ஏறுங்கக்கா.”

“யாராச்சும் வெரசா ஏறுங்கம்மா,” என்பார் டிரைவர்.

முன்சீட்டைக் காலியாக விட்டுவிட்டு இருவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து சிரிப்பார்கள். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தெரியவில்லை. நான் எதற்கும் இருக்கட்டுமென்று பெரியம்மா என்றே கூப்பிட்டேன்.

இன்றும் முன்சீட்டைக் காட்டி, “ஏறுங்க பெரியம்மா,” என்றேன்.

“அது அக்காவோட சீட்டு,” என்றபடி பின்னால் ஏறியவர், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.