மூன்றாவது பெடல்

புக்கிட் மெர்தாஜாமில் பழைய கார் விற்கும் இடம் ஒன்றில், ஒரே மாதிரி இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஜப்பானிலிருந்து வந்தவை, இரண்டும் அடர் நீலம். ஒன்று மேனுவல், மற்றது டுவல் கிளட்ச். நானும் மனைவியும் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

"அண்ணே, டுவல் கிளட்ச் எடுங்கலா," என்றார் விற்பவர். "உள்ள ரெண்டு கிளட்ச் இருக்கு. ஒண்ணு ஓடுற கியரப் புடிச்சிருக்கும், இன்னொண்ணு அடுத்த கியர ரெடியா வச்சிருக்கும். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மாத்திரும். பினாங்குப் பாலத்துல ஜாம் ஆனாலும் கவலையில்ல, கிளட்ச் பெடலே கெடையாது, இடது கால் பாட்டுக்குச் சும்மா கெடக்கும்."

மனுஷன் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

எனக்குப் பத்து வருடமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. மாத்திரையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக இடது பாதத்தில் ஏதோ சரியில்லை. வெறுங்காலோடு நின்றாலும் தடித்த காலுறை போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். ஒருநாள் தொழிற்சாலையில் படியேறும்போது செருப்பு கழன்று இரண்டு படி கீழே கிடந்தது, நான் பாட்டுக்கு மேலே போய்விட்டேன். பின்னால் வந்த பெண் எடுத்துக் கொடுத்தாள். டாக்டரிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே கார் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று பயம். ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, முதல் முறையாக எனக்கே எனக்கென்று ஒரு ஆசை வந்திருக்கிறது. அதற்கும் ஒரு கால் குறுக்கே நிற்பதா?

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், டுவல் கிளட்ச்தான் நல்ல கார். அழுத்தினால் பறந்தது, கியர் மாறுவதே தெரியவில்லை. மேனுவலில் முதல் சிக்னலிலேயே எஞ்சினை அணைத்துவிட்டேன். கிளட்ச் பெடல் எங்கே இருக்கிறதென்று ஒரு முறை குனிந்தும் பார்த்தேன். முப்பது வருடம் மேனுவல் ஓட்டியவன், பெடலைக் கண்ணால் தேடுகிறேன்! நல்லவேளை, பக்கத்தில் விற்பவர்தான் இருந்தார். புதுக் கார் பழகும்வரை அப்படித்தான் என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

"எப்படி?" என்றாள் மனைவி.

"டுவல் கிளட்ச்சுல உயிரே இல்ல. ஸ்போர்ட்ஸ் காடிய ஆட்டோமேட்டிக்கா ஓட்டுறதுக்குப் பேசாம பஸ்ஸுல போகலாம்."

"எனக்கு ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும்தாங்க இருக்கு. மேனுவல் எடுத்தா நான் தொடக்கூட முடியாது. அவசர ஆத்திரத்துக்கு நான் ஓட்ட வேணாமா?"

"என்ன அவசரம் வரப்போவுது? நான் என்ன படுத்தா கெடக்கேன்?"

குரலை உயர்த்திவிட்டேன். விற்பவர் ஃபோனை எடுத்துக்கொண்டு நைசாக நகர்ந்தார். வீம்புக்கு மேனுவலுக்குக் கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்குத் தேவைப்பட்டது காரே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என் கால் நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கார் கைக்கு வந்த சனிக்கிழமை, வழக்கம்போல முதலில் கோயிலுக்கு எடுத்துப் போனோம். சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து ஐந்து நிமிடம்தான். வாசலில் செருப்பை விட்டோம். ஐயர் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் தேங்காய் உடைத்தார். சூடம் காட்டியபோது காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கும்பிட்டேன். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"ஏறி உட்காருங்க. மெதுவா விட்டு பழத்த நசுக்குங்க," என்றார்.

உட்கார்ந்தேன். எஞ்சினைப் போட்டு, கிளட்சை மிதித்து, முதல் கியரில் தயாராக இருந்தேன். கார் நின்ற இடம் கொஞ்சம் சரிவு. இடது முன்சக்கரத்துப் பழம் உருண்டு ஓடியது. "இருங்க, இருங்க," என்று மனைவி ஓடிப் போய் அதை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிந்தாள். எனக்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

என் இடது கால் பெடலிலிருந்து வழுக்கியது. வழுக்கியதுகூட எனக்குத் தெரியாது. கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்ற பிறகுதான் தெரிந்தது.

"ஐயோ!" என்று ஐயர் கத்தினார். தட்டு விழுந்து உருண்டது.

கதவைத் திறந்து ஓடினேன். மனைவி தரையில் மல்லாக்க விழுந்து, முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். பழம் சக்கரத்தடியில் கூழாகிக் கிடந்தது. அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் இருந்தன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா?

"புதுக் கிளட்ச்சுல்ல, ரொம்ப டைட்டு. அதான் எகிறிருச்சு," என்றேன்.

அவள் காரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். சிமெண்டில் சிவப்பாக அடி அடியாக ஏதோ பதிந்திருந்தது. முதலில் குங்குமத்தை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தேங்காய் உடைத்த இடத்தில் தொடங்கி, காரைச் சுற்றி, டிரைவர் கதவு வரை அது போயிருந்தது. கதவிலிருந்து நான் நின்ற இடத்துக்கும் வந்திருந்தது.

"காலத் தூக்குங்க."

தூக்கினேன். தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்று, கட்டைவிரல் அகலத்துக்கு, இடது உள்ளங்காலில் செருகி நின்றது.

"இதோடயா சுத்தி வந்தீங்க? வலிக்கலயா?"

"வலிக்குது, வலிக்குது. கூட்டத்துல சொல்லல."

கூட்டமாவது! அங்கே நாங்கள் இரண்டு பேரும் ஐயரும்தான் இருந்தோம். அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். க்ளினிக்குக்குப் போக வேண்டும். நான் ஓட்டக்கூடாது, அவளால் ஓட்ட முடியாது. மாலையும் பொட்டுமாக அந்த நீலக் காரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, வாடகைக் காரைக் கூப்பிட்டுப் போனோம். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

க்ளினிக்கில் நான்கு தையல். மரத்துப்போக ஊசி போடட்டுமா என்று டாக்டர் கேட்டபோது நான் போடச் சொல்லி அவசரமாகத் தலையாட்டினேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னைச் சோபாவில் உட்காரவைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுக்கு வெளியே என் விரல்கள் ஐந்தும் தெரிந்தன.

"கண்ண மூடுங்க. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லுங்க."

"இதென்ன வெளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப?" என்றாள்.

"கட்டை வெரலு."

"இப்ப?"

"சுண்டு வெரலு. எல்லாம் நல்லாத் தெரியுதுலா. சும்மா பயப்படுற."

கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான் தொடவே இல்லங்க," என்றாள்.