இருபத்தைந்து வீதம்

மடிக்கணினியின் விசிறி இன்று காலை இரையத் தொடங்கியது. எது அதைப் படுத்துகிறது என்று பார்க்கத் திரையைத் திறந்தேன். எட்டு புராசசர் கோர்களுக்கும் எட்டுக் கோடுகள். ஒன்று உச்சியில் முட்டி நிற்க, மற்ற ஏழும் சும்மா கிடந்தன. உங்களுக்கு இது ஒன்றுமில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

சூடான தூசியின் மணம் வேறு. தொண்ணூறுகளில் நான் வேலை செய்த லண்டன் அலுவலகத்தின் கணினி அறையிலும் இதே மணம்தான். கூடவே அருளப்பு அண்ணையின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து மீன்பொரியல் மணம். மன்னார்க்காரர், கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து வருவார். தினமும் கணினியில் அறிக்கையை ஓட்டி எடுப்பது அவர் பொறுப்பு. அது ஓடும் யூனிக்ஸ் கணினிப் பெட்டியைக் கவனிப்பது என் பொறுப்பு.

நாலு புராசசர் உள்ள புதுப் பெட்டி வந்தால் அறிக்கை நாலு மடங்கு வேகமாக வரும் என்று மேனேஜர் மேலிடத்தில் அளந்துவிட்டிருந்தார். பெட்டி வந்தது; வேகம் வரவில்லை.

"இந்த புரோகிராம் ஒண்டிலதான் ஓடும். மற்ற மூண்டும் சும்மா கிடக்கும்" என்று அண்ணை முதலே சொல்லியிருந்தார். யார் கேட்டார்கள்? மேனேஜர் பார்த்தது ஒரே ஒரு எண்ணை: மொத்தப் பாவனை இருபத்தைந்து வீதம். முக்கால்வாசி மெஷின் சும்மா இருக்கிறதாம். அப்படியென்றால் தூங்குவது அண்ணைதானாம்.

நான் ஒவ்வொரு புராசசரையும் தனித்தனியாக அளந்து தாளில் எடுத்தேன். ஒன்று நூறு வீதம், மூன்று பூச்சியம். கூட்டி நாலால் பிரித்தால் அதே இருபத்தைந்து. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணையைச் சோம்பேறி என்றான் அந்த மேனேஜர். இனி அவனுக்கென்ன மரியாதை! தாள் என் சட்டைப்பையில் இருந்தது. மேலதிகாரியை நாலு பேர் முன் மடக்கக்கூடாது, பிறகு தனியாகச் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவன் நான். பெரிய பண்பாளன்! கூட்டம் முடிந்ததும் அவன் அறைக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். முகம் சிவந்தது. அண்ணைக்கு வேலைநீக்கக் கடிதம் போய்விட்டது, இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று சொல்லித் தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினான்.

லிஃப்ட் வாசலில் அண்ணை சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். கூட்டத்தில் தாள் என் பையிலேயே இருந்த உண்மையைச் சொன்னேன்.

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

"தனியச் சொல்லுவம் எண்டு, அண்ணை..."

"தம்பி, அவன் என்னைத் தனியவோ பேசினவன்?"

லிஃப்ட் வந்தது, போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அந்தக் கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். அந்த நாலு புராசசர் பெட்டி எந்தக் குப்பையிலோ. இப்போது எட்டுக் கோடும் யாரும் கேட்காமலே தெரிகின்றன. லிஃப்ட் வாசலில் என்னிடம் அந்த ஒரு வார்த்தை கேட்டவர்தான் இல்லை.