திரும்பி வந்த ரத்தம்

செம்பாக்கத்தில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு லேப் இருந்தன. ஒன்றில் நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் லேபில் என் வயதையொத்த ஒரு பெண். பம்மலிலிருந்து வருவாள். பல வருஷம் முகம் பார்த்தும் நாங்கள் ஒருநாளும் சிரித்துக்கொண்டதில்லை.

பெரிய கம்பெனி ஒன்று இரண்டையும் வாங்கிச் சேர்த்துவிட்டது. எங்கள் பின்னறையிலிருந்த மெஷின்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். இனி இங்கே ரத்தம் எடுப்பது மட்டும்தான், டெஸ்டெல்லாம் மெயின் லேபில். எதிர் லேபை மூடி, அவளையும் என் கவுன்டரிலேயே உட்கார வைத்தார்கள்.

"கொஞ்ச நாள் ரெண்டு பேரும் பாருங்க. அப்புறம் இங்க ஒருத்தர் போதும்" என்றார் ஏரியா மேனேஜர், டீ சொல்வது போல.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது, பெண் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த வயதில் என்னை வேறு எந்த லேப் சேர்த்துக்கொள்ளும்? போதாக்குறைக்கு, நான் எடுத்தனுப்பிய ரத்தம் திரும்பி வர ஆரம்பித்தது. சிவப்பணு உடைந்திருக்கிறது, டெஸ்டுக்கு உதவாது, மறுபடி எடுங்கள் என்று மெயின் லேபிலிருந்து போன் வரும். ஒவ்வொரு டியூபிலும் எடுத்தவர் நம்பர் இருக்கும். திரும்பியதெல்லாம் என் நம்பர்தான். அவளுடையது ஒன்றுகூட இல்லை.

என் கையில் கோளாறா, இல்லை இவள்தான் ஏதாவது பண்ணுகிறாளா? அவள் என் டியூப் பக்கம் போனாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து போனவர்களைக் கூப்பிட்டு மறுபடி குத்தினேன். என்னிடமே வழக்கமாக வரும் ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர் நீல நீலமாகக் கன்றிப்போன கையை நீட்டி, "பழைய லேப்ல இப்படி நடந்ததே இல்லையேம்மா" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மெயின் லேபுக்கு அனுப்ப இரண்டு பேருக்கும் தனித்தனி ஐஸ் பெட்டி. நான் உள்ளே டியூப் அடுக்கும்போது அவள் முன்னால் ஆட்களைப் பார்ப்பாள். ஒருநாள் கூட்டமில்லை. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள் என் பெட்டியைப் பார்த்து நின்றாள்.

"இன்னா மேடம், ஐஸ் மேலயே சொருவுறீங்க?"

"வெயில்ல கெட்டுடக் கூடாதுன்னுதான்."

"கெடுறதே அதாலதான். ஐஸ் பட்டா செல்லு ஒடஞ்சிடும். நடுவுல அட்டை வெக்கணும்."

படிக்கும்போது தேர்வுக்கு எழுதியதுதான். ஆனால் வேலையில் சேர்ந்த நாளாக நான் எடுத்த ரத்தம் கவுன்டரிலிருந்து பின்னறை வரைக்கும்தான் பயணம் போயிருக்கிறது. அவள் லேபில் மெஷினே கிடையாது, எடுத்ததெல்லாம் வெளி லேபுக்குத்தான் போகும். பெட்டி கட்டுவது அவர்களுக்குத் தினப்படி வேலை. அவளே ஒரு அட்டையைக் கிழித்து என் பெட்டியில் வைத்துவிட்டு முன்னால் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒரு டியூப்கூட திரும்பவில்லை.

மாதக் கடைசியில் மேனேஜர் வந்தார். "இப்ப கம்ப்ளெயின்ட் இல்ல. இந்த ஏரியா ஆளுங்க எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க, நீங்களே இருங்க" என்றார் என்னிடம். அவளிடம், "வேற பிராஞ்ச்ல காலி வந்தா கூப்பிடறோம்." எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பிறகுதான் அவள் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

பின்னாலேயே வாசல் வரை போனேன். "அன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்த சீட் உங்களுக்குத்தானே வந்திருக்கும்? எனக்காக ஏன்..."

"உங்களுக்கோசரமா?" அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "நல்லா கீதே கதை. உங்களுக்கோசரம்னா வாயே தொறந்திருக்க மாட்டேன் மேடம். வரவங்கள ரெண்டு ரெண்டு தபா குத்திக்கினு இருந்தீங்க, பாக்க முடியல."

ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டாள். உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள், நான் போய் கிளவுஸ் மாட்டிக்கொண்டேன்.