மேடையில் மட்டும் சொன்ன சாட்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் என் மனைவி, "ஊழியக்காரருக்கு விரோதமா எழுதினா வீட்டுக்கு ஆகாதுங்க" என்பாள். பேனாவை மூடிவிடுவேன். எனக்கும் பயம்தான். பத்தாவது தாண்டாதவன், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தில் பாதியைத் தூங்கியே கழிக்கிறவன், ஒரு பிரசங்கியாரைப் பற்றி எழுத நான் யார்? ஆனால் போன மாதம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் நடந்ததற்குப் பிறகு, எழுதாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

யாரோ விசேஷத்துக்கு வாழையிலைக் கட்டுகளை டிரைவர் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். பஸ் முழுக்க அறுத்த இலையின் பச்சை வாடை. பக்கத்து சீட்டு அம்மா போனில் ஒரு பிரசங்கத்தைச் சத்தமாக வைத்திருந்தார். குரல் தெரிந்த குரலாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். சாலமோன்! கோட்டு, சூட்டு, பின்னால் கலர் கலராக விளக்கு.

"நான் அன்னிக்கு லோடு வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒருத்தன் குடிபோதையில குறுக்க வந்து விழுந்தான். அவன் ரத்தம் என் கையில இருந்துச்சு. ஆனா இயேசுவோட ரத்தம் அதைக் கழுவிடுச்சு! அவனோட விதவை மனைவியே இந்த மேடையில ஏறி, 'மகனே, உன்னை மன்னிச்சேன், எனக்கும் இந்த ஆண்டவர் வேணும்'னு அழுதாங்க. அல்லேலூயா!"

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய கிருபை பாருங்க சார்" என்றார்.

"அத்தனையும் பொய்ம்மா" என்றேன்.

அவர் போனை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஸ்ரீரங்கம் வரை போகவில்லை. பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் இறங்கிவிட்டேன்.

சாலமோன் 'ஒருத்தன்' என்று சொன்னானே, அந்த ஒருத்தனின் பெயர் பெரியண்ணன். வையம்பட்டிப் பக்கத்துக்காரர். கிணறு வற்றிப்போய்ப் பிழைக்க வந்து, எங்கள் தெருவில் குடியிருந்தார். விடியற்காலையில் ஸ்ரீரங்கம் பக்கத்துத் தோப்புகளில் இலை அறுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு சத்திரத்து மெஸ்களுக்குப் போடுவார். வியாபாரம் முடிந்து வரும்போது மிஞ்சின கிழிசல் இலைகளை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். "கிழிஞ்சதுதாங்கண்ணே. ஆனா ரசம் ஊத்தாம சாப்பிட்டீங்கன்னா ஒழுகாது" என்பார். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு வேட்டியை நனைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. தினமும் இலையில் சாப்பிடுவதால் நாம் பணக்காரர்கள் என்று என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தார்கள்.

அந்த மனுஷன் குடிக்கமாட்டார். உத்தமர் என்பதற்காகச் சொல்லவில்லை, சாராய வாடை அவர் உடம்புக்கே ஆகாது. கிறிஸ்துமஸுக்கு என் மனைவி திராட்சையை ஊறப்போட்டு ஒயின் என்று ஒன்று செய்வாள். அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். அதற்கே, "அண்ணி, அது வேணாம், கேக்கை மட்டும் குடுங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அப்போது நான் திருவெறும்பூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்தேன். சாலமோன் அதே பட்டறையின் லோடு வண்டி டிரைவர். எங்கள் கோயிலைச் சேர்ந்தவன்தான். பண்டிகைக்குப் பண்டிகை வருவான். ஒரு நாள் விடிகாலையில் ஆற்றோரச் சாலையில் அவன் ஓட்டின வண்டி ஏறிப் பெரியண்ணன் செத்துப்போனார். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாக, சைக்கிள்காரன் குடித்துவிட்டுக் குறுக்கே வந்தான் என்றார்கள். போலீஸிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். தெருவும் நம்பியது. பெரியண்ணன் மனைவி அஞ்சலை குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "அப்பா குடிச்சிட்டுல்ல செத்தாராம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பேச்சு போகவேண்டும். அஞ்சலைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கோயிலில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். ஞாயிறு ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற திருவிருந்து எடுக்க வேண்டுமானால் சனிக்கிழமை சாயங்காலமே, பாதிரியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். யார் வீட்டில் யாரோடு சண்டை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. "உங்க மச்சான்கிட்டப் பேசறதில்லையாமே? போய்ப் பேசிட்டு வாங்க, பேரை எழுதிக்கறேன்" என்பார். அதோடு விடிந்தது. இருட்டுகிற நேரத்தில் சைக்கிளை மிதித்துப் போய் மச்சான் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர் உள்ளே இருந்துகொண்டே, "என்ன, நாளைக்குத் திருவிருந்தா?" என்று கேட்பார். காபி வரும். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "சரி, என் மேலயும் தப்புதான்" என்போம். திங்கட்கிழமை மறுபடி சண்டை போட்டிருக்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் வாசல் மிதிக்காமல் திருவிருந்துப் பந்திக்குப் போக முடியாது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்றுதானே ஆண்டவரே சொன்னார்?

சாலமோன் எங்கள் உபதேசியாரிடம் பேர் கொடுக்கவே இல்லை. பட்டறையையும் விட்டான். கொஞ்ச காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் புதிதாய் ஆரம்பித்த கூட்டத்தில் சேர்ந்து ரட்சிக்கப்பட்டான் என்று கேள்விப்பட்டோம். என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவோடு ஒரு தடவை அங்கே போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குடிச்சிருந்தது அவன்தானாம்ங்க. மைக்கில சொல்றான். அந்த மனுஷன் ஓரமாப் போயிட்டிருந்தாராம். எல்லாரும் கை தட்டுறாங்க!"

மறுநாளே டீக்கடையில் அவனைப் பிடித்தேன். "சாலமோனு, மைக்கில சொன்னதை அஞ்சலைகிட்ட வந்து சொல்லேன். தெருவுல நாலு பேர் கேக்கச் சொல்லேன்" என்றேன்.

அவன் சிரித்தான். கோபமே வரவில்லை அவனுக்கு. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "அண்ணே, என் பாவத்தை ஆண்டவர் சுமந்து சிலுவையில செத்துட்டாரு. எல்லாம் அங்கேயே தீர்ந்துபோச்சு. நான் இப்ப ஒரு மனுஷிகிட்டப் போய் நின்னேன்னா, அந்தச் சிலுவை பத்தலைன்னு சொல்றதா ஆயிடும். கிருபைன்னா உங்களுக்கு இன்னும் புரியலைண்ணே. உங்க கோயில்ல சொல்லித்தரலை."

படிக்காதவனுக்குப் பதில் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். எனக்காகவும்தான் அவர் செத்தார், பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் முழங்கால் வலிக்க நான் கும்பிடுவதும் அதற்காகத்தான். ஆனால் அவர் தொங்கினது நீ பின்னால் ஒளிந்துகொள்வதற்கா? உன்னால் செத்தவனின் மனைவி தலைகுனிந்து தண்ணீர் பிடிக்கும்போது, உன் பாவம் தீர்ந்தது என்று உனக்கு யார் சொன்னது? அந்தப் போதனை எனக்கு அன்றைக்கும் ஆகவில்லை, இன்றைக்கும் ஆகாது. குற்றவாளிக்கு இலவசம், அடிபட்டவளுக்கு ஒன்றுமில்லை என்றால், அதைக் கிருபை என்று சொல்ல என் நாக்கு வராது.

விஷயம் அஞ்சலை காதுக்கும் போயிற்று. வாசலுக்கு வந்து நின்றாள். "அண்ணே, அவரு மேடையில சொல்றாராமே? நான் கேக்கணும். கூட்டிட்டுப் போங்க."

அந்த ஞாயிறு நானும் என் மனைவியும் அஞ்சலையும் போனோம். கொட்டகை நிறைந்திருந்தது. சாலமோன் சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தான். "குடிச்சது நான்! ஓரமாப் போன ஒரு ஆளை நான் கொன்னேன்! இன்னிக்கு நான் சுத்தமா நிக்கிறேன்!" ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கொட்டகை அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

அஞ்சலை எழுந்து நின்றாள். அவள் மேடை ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"தம்பி, அந்த ஆளுக்குப் பேரு இருக்கு. பேரைச் சொல்லுங்க."

சத்தம் அடங்கியது. சாலமோன் அவளைப் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"பேரைச் சொல்லி, குடிக்கலைன்னு சொல்லுங்க தம்பி. எங்க தெருவுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அவன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கொட்டகைத் தலைவர் மைக்கை வாங்கி, "சகோதரிக்காக ஜெபிப்போம், சத்துரு சாட்சியைக் கெடுக்கப் பார்க்கிறான்" என்றார். கீபோர்டு ஆரம்பித்தது. பாட்டுச் சத்தத்தில் இரண்டு பேர் வந்து அஞ்சலையைத் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்கள். அவள் யாரையும் மன்னிக்கவில்லை. ஆண்டவர் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. வெளியே வந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "சத்துருன்னா யாருண்ணே, நானா?" என்று கேட்டாள். என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நாங்கள் தெருவில் சொல்லித்தான் பார்த்தோம். "அவனே வந்து சொல்லட்டும்" என்றார்கள். அவன் வரவில்லை. அஞ்சலை மகளோடு வையம்பட்டிக்கே போய்விட்டாள். அங்கேயே காலமானாள்.

எங்கள் தெருவில் இப்போது அடுக்குமாடி வீடுகள். குழாயடி இல்லை. கோயிலில் உபதேசியார் வேலையே இல்லை, ஆள் போன பிறகு வேறு ஆள் போடவில்லை. சனிக்கிழமை பேர் கொடுப்பதையும் விட்டுவிட்டார்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்பில் திராட்சை ரசம் வரிசையாக வருகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மச்சான் வீட்டு வாசலுக்குப் போய்விட்டு வந்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் அவரும் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

சாலமோனின் சாட்சி மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, இன்று போன் போனாகப் போகிறது. குடித்தது தான்தான் என்று முதலில் ஒப்புக்கொண்ட அந்த ஒரே உண்மையையும் இப்போது எடுத்துவிட்டான். நான் எழுதியிருப்பதையும் யாருக்காவது அனுப்புங்கள். எதையும் மாற்றாமல் அனுப்புங்கள். நீளம் அதிகம் என்று தோன்றினால் என் புலம்பலை எடுத்துவிடுங்கள், என் சமாதானக் காபிகளையும் எடுத்துவிடுங்கள். பெரியண்ணன் குடித்திருக்கவில்லை, ஓரமாகத்தான் போனார் என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.