சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல

என் மூத்த மகளுக்குக் காது மந்தம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மந்தமாம்! இருபது வருஷத்துக்கு மேல் பாட்டில் கம்பெனியில் நின்றவள் அவள். ஓடுகிற பெல்ட்டில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரும். விளக்குக்கு முன்னால் வரும்போது, கீறல் விழுந்ததைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனேன். வாசலில் நின்றதற்கே, வீடு திரும்பியும் என் மண்டைக்குள் பாட்டில் முட்டிக்கொண்டிருந்தது. காதுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பஞ்சு என்றான். பஞ்சு! அவள் வேலையிலிருந்து நின்றபோது, கேட்ட சத்தமெல்லாம் போதாது என்று மணி அடிக்கிற சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் கம்பெனிப் பெண்கள் வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொள்வார்கள். அதனால் எதிரில் நின்று பேசினால் அவள் சட்டென்று பதில் சொல்லிவிடுவாள். காதுக்கு மெஷினும் வைத்திருக்கிறாள். அது மிக்ஸியையும் பேச்சையும் சேர்த்து அள்ளிக் கொட்டும், பிரித்துக் கொடுக்காது. டிவி முன்னால்தான் அவள் பாடு திண்டாட்டம். அதுவும் டப்பிங் படம் என்றால் வாய் ஒன்று சொல்லும், பேச்சு ஒன்று சொல்லும். வீட்டில் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சிரிப்பாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா" என்பார்கள்.

விழுந்து விழுந்து சிரித்தது சும்மாவுக்கா? அந்தச் 'சும்மா'வைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வேலையை விட்டதும் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஹாலில் நல்ல ஸ்பீக்கர் செட் வைத்து, பக்கத்தில் யாரையும் கேட்காமல் ஒரு படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். அவள் சம்பாதித்த பணம், அவள் ஆசை. ஆனால் எது வாங்குவது என்று முடிவு பண்ணக் கிளம்பியது யார்? மாப்பிள்ளையின் தம்பி. வாயை மூடவே மாட்டான் என்பதால் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் மைக் செட். மாப்பிள்ளை நல்லவர்தான், தம்பி எது சொன்னாலும் தலையாட்டுகிற நல்லவர். நானும் செருப்பை மாட்டினேன்.

"அத்தை, கடையில உங்களுக்கு போரடிக்கும்" என்றான் மைக் செட்.

"நீ இருக்கற இடத்துல எனக்கு எங்க போரடிக்காம இருந்திருக்கு?" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

கடைக்குள்ளே ஓர் இருட்டு அறை. சுவரெல்லாம் துணி ஒட்டி, நடுவில் சோபா போட்டிருந்தார்கள். டிவி பக்கம் மூன்று பெட்டி, முதுகுப் பக்கம் இரண்டு, மூலையில் வாஷிங் மெஷினுக்குத் தம்பி மாதிரி கறுப்பாக ஒன்று. அதுதான் சப்வூஃபராம், திம்திம்மென்று அதிர வைப்பதற்கு. சோபா நடுவில் மைக் செட் போய் உட்கார்ந்தான், பக்கத்தில் அண்ணன். என் மகளுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி.

கடைக்காரர் படத்தைப் போட்டார். பின்னாலிருந்து விமானம் பறந்து வந்து குண்டு போட்டது. என் பல்செட்டே ஆடியது.

"அண்ணி! கேக்குதா?" என்று கத்தினான். அவள் தலையாட்டினாள். வீட்டில் ஆட்டுகிற அதே தலையாட்டல்.

"பாத்தீங்களா, அண்ணிக்கே கேக்குது! சப்வூஃபர் இருக்கறதுலயே பெருசு போடுங்க. பின்னாடி ரெண்டும் பெருசு. நடு ஸ்பீக்கர் சின்னது போதும்."

"நடுவுல இருக்கறது எதுக்குப்பா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"படத்துல பேசறது முக்கால்வாசி அதுலதாம்மா வரும்."

"அப்ப அதைத்தானே நல்லதா வாங்கணும்?"

"ஐயோ அத்தை, பேச்சை யாரு கேக்கறா?" என்றான் மைக் செட்.

"உன் பேச்சை யாரும் கேக்கறதில்ல. அது வாஸ்தவம்தான்."

கடைக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வேறு காட்சி போட்டார். இரண்டு பேர் ஏதோ கிண்டலாகப் பேசினார்கள். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள், கடைக்காரரும் சிரித்தார். எல்லாருக்கும் கடைசியில் என் மகள் சிரித்தாள்.

"நம்ம அண்ணி சிரிப்பு எப்பவும் அடுத்த பஸ்லதான் வரும்" என்றான் அவன். மாப்பிள்ளையும் அதற்குச் சிரித்தார். டிவி வெளிச்சத்தில் அவன் வாயசைவை அவள் பார்த்துவிட்டாள்; நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க!"

பாட்டில் இரைச்சலுக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய குரல் அது. கடைக்காரர் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

"எனக்குச் சத்தம் கேக்குது தம்பி. குண்டு கேக்குது, பிளேன் கேக்குது, நீங்க கத்தறதும் கேக்குது. பேச்சுதான் கேக்கல. ஒரு படத்துல கூட என்ன பேசினாங்கன்னு எனக்கு முழுசா தெரியாது." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சிரிக்கறீங்களேன்னு நானும் சிரிக்கறேன். அதாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஆடக் கூடாது, இத்தனை வருஷம் கழித்தாவது.

"எந்திரிங்க தம்பி" என்று மைக் செட்டைக் கிளப்பிவிட்டு சோபா நடுவில் உட்கார்ந்தாள். அந்தக் கறுப்புப் பெட்டியை அணைக்கச் சொன்னாள். நடு ஸ்பீக்கரை மட்டும் மாற்றி மாற்றி வைத்து, அதே காட்சியைப் போடச் சொன்னாள். வாயசைவு பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பெட்டி, குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்ததில் பாதிதான் பிடிபட்டது. அதற்கடுத்ததைப் போட்டதும் அவன் சொன்னது, இவன் சொன்னது, இரண்டையும் அப்படியே திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தக் கிண்டல் புரிந்து, தனியாகச் சிரித்தாள்.

"இது. முன்னாடி வைக்கற மூணும் இந்த மாதிரியே கொடுங்க. மத்தது வேணாம்."

"சப்வூஃபர் இல்லாத செட்டா? வெளிய சொன்னா சிரிப்பாங்க அண்ணி!"

"சிரிக்கட்டும். இனிமே நானும் கூடவே சிரிப்பேன்."

மாப்பிள்ளைதான் பெட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்தார். பேச்சை மறைக்காமலிருக்க டிவி மேஜையின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு நடு ஸ்பீக்கரை வைத்தார். சமையலறை வாசலோரம் கிடந்த அவள் நாற்காலியையும் சொல்லாமலே நகர்த்தி நடுவில் போட்டார். அதற்காக என் கோபம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை.

அன்று சாயங்காலம் டப்பிங் படம் ஒன்று பார்த்தோம். மைக் செட்டும் வந்திருந்தான். அவன் சிநேகிதன் வீட்டு சப்வூஃபர் ஜன்னலையே ஆட்டும் என்று படம் ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று என் மகள் சிரித்தாள். எனக்கு முன்னால், மாப்பிள்ளைக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால்.

அவன் பேச்சை நிறுத்தினான். "என்ன அண்ணி? என்ன சொன்னான்?"

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல தம்பி, சும்மா."