பதினாலாம் நம்பர் கிளம்பிய நேரம்

டிராமிலிருந்து இறங்கி யாராவது ஓடி வந்தால் போதும், என் பெரியம்மா மகனுக்கு வலது கை தானாக மேலே போய்விடும். கை மேலே இருக்கும்வரை பஸ் நகரக் கூடாது. கை இறங்கினால் கிளம்பலாம். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் அவருக்கு வேலை.

ஊருக்கு நட்டநடுவில் அந்த நிலையம். நீளமாக ஒரே தகரக் கூரை. நடுவில் டிராம் வந்து நிற்கும், இரண்டு பக்கமும் பஸ்கள் நிற்கும். டிராமை விட்டு இருபது அடி நடந்தால் பஸ் ஏறிவிடலாம். அண்ணன் அங்கே டைம் கீப்பர். ஆனால் அவரை எல்லாரும் கூப்பிடுவது 'ரெண்டு நிமிஷம்' என்றுதான். "ரெண்டு நிமிஷம் பொறுப்பா, டிராம் திரும்பிடுச்சு" என்று டிரைவர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி வந்த பெயர்.

பதினாலாம் நம்பரை ஓட்டிய மீசைக்காரர் அவரைச் சீண்டாமல் வண்டியை எடுக்க மாட்டார். "உங்க ரெண்டு நிமிஷத்தை எல்லாம் சேர்த்து வச்சிருந்தா இந்நேரம் நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்ண்ணே."

"ஆகி? நாள் முழுக்க உன்னை வீட்டுல வச்சுப் பார்க்கணும்னு உன் சம்சாரத்துக்கு என்ன தலையெழுத்தா?"

பெரியம்மாவுக்குத் தங்கிய பிள்ளைகள் இரண்டு. மூத்தவர் இவர். இவருக்கு ஒன்பது வருஷம் கழித்துச் சின்னவள். நடுவில் பிறந்த இரண்டும் நிற்கவில்லை. சின்னவளுக்கு நாலு வயசாகும்போது பெரியப்பா போய்விட்டார். அப்புறம் அவளுக்கு அப்பாவும் அண்ணனும் இவர்தான். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போவார். நான் பின்னால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நடப்பேன். நான் சித்தி மகள்தானே, எனக்கு ஏது தோள்.

அவள் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனாள். பெரியம்மா அண்ணனோடு மூன்றாவது மாடியில் இருந்தார். முழங்கால் வலியில் படி ஏற முடியாமல் போனபோது சின்னவள் வந்து, "அம்மா இனி என்கிட்ட இருக்கட்டும், எங்க வீடு கீழ் வீடு" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அண்ணனுக்கு அது தலையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏன், நான் சோறு போடலையா? ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரியறியா?"

"யாருண்ணே அப்படிச் சொன்னா? உனக்கு எதைச் சொன்னாலும் கோணல்தான்."

"போ. இனிமே நீ வந்தா இந்தக் கதவு திறக்காது."

நாலு வருஷம் பேச்சில்லை. அவருக்குப் பகல் வேலை எந்தெந்த நாள் என்று நான் சொல்லி அனுப்புவேன். அந்த நாட்களில் அவள் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். அண்ணனுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். மேசையில் அவள் கொண்டுவந்த பழம் இருந்தால் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே, "பழம் யார் வாங்கினது?" என்று கேட்பார். "நான்தான்" என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தில் ஒவ்வொரு பஸ் நிற்கும் இடத்திலும் சிவப்பு எண் ஓடும் கடிகாரம் மாட்டினார்கள். எண் குறைந்துகொண்டே வரும், பூஜ்யம் ஆனால் பஸ் கிளம்பியாக வேண்டும். டிராமுக்காகக் காத்திருப்பது டைம் கீப்பர் இஷ்டம் என்ற பழைய வழக்கமெல்லாம் போயிற்று. புது மேலதிகாரி அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு மெமோ கொடுத்தார். "இன்னொரு தடவை லேட்டா அனுப்புனீங்கன்னா டெப்போவுல போய் டயர் எண்ண வேண்டியதுதான்" என்றார். இரண்டு வாரம் அண்ணனின் கை கடிகாரம் சொன்னபடியே இறங்கியது. ஓடி வந்தவர்கள் திட்டினார்கள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பெரியம்மா அப்போது மேட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே போவது பதினாலாம் நம்பர் ஒன்றுதான், நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று. ஒருநாள் மதியம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். கையில் போன் வைத்துக்கொண்டு திரிகிற காலம் இல்லை அது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து முதலில் நிலையத்தில் அண்ணன் உட்காரும் கூண்டுக்குப் போன் செய்தேன். "அஞ்சு மணிக்கு மாத்து ஆள் வந்துடுவான், உடனே வர்றேன்" என்றார் அண்ணன். அடுத்தது சின்னவளின் பக்கத்து வீட்டுக்கு. அவள் அப்போதே கிளம்பினாள்.

சின்னவளும் வருகிறாள் என்று நான் அண்ணனிடம் சொல்லவில்லை. இங்கே வந்து நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளட்டும், அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றா சண்டை போடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் ஏறிய டிராம் நிலையத்துக்கு வெளியே வளைவில் நின்றுவிட்டது. கட்டில் ஏற்றி வந்த லாரி ஒன்று தண்டவாளத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டது. வளைவில் நிற்கும் டிராமின் பக்கவாட்டு ஜன்னலெல்லாம் நிலையத்தைப் பார்த்தபடி இருக்கும். நாற்பது அடி தூரத்தில் பதினாலாம் நம்பர். பக்கத்தில் கை தூக்கி நிற்கும் அண்ணன். கதவைத் திறக்கச் சொல்லி அவள் டிராம் டிரைவரிடம் அழுதாள். நடுத் தண்டவாளத்தில் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அண்ணன் அவளை நேராகப் பார்த்தாராம். பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, அனுப்பலாமா?" என்று மீசைக்காரர் கேட்டிருக்கிறார்.

கை இறங்கிவிட்டது.

லாரி விலகி டிராம் உள்ளே வர இன்னும் மூன்று நிமிஷம்தான் ஆயிற்று. இறங்கி நேராக அவரிடம் வந்தாள்.

"வீட்டுக் கதவைத்தான் சாத்தின. பஸ் கதவையுமாண்ணே?"

அவர் அவளை அப்போதுதான் பார்க்கிறார். "நீ எப்ப... இந்த டிராம்லயா வந்த?"

"நடிக்காத. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே கையை இறக்கினியே."

"சத்தியமா நான் பார்க்கலம்மா."

"பார்த்த."

இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை.

லாரியால் தெருவே அடைத்துக் கிடந்தது, வாடகை வண்டியும் கிடைக்கவில்லை. அண்ணன் விசிலைக் கூண்டின் ஆணியில் மாட்டிவிட்டு அவளோடு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அவள் முன்னால், இவர் கடைசி சீட்டில். பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டு, "சின்னது வந்துடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அவர்கள் படியேறி வந்தபோது பெரியம்மா போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

சின்னவள் அதன் பிறகு அந்த நிலையத்தில் கால் வைக்கவே இல்லை. டவுனுக்கு வந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சுற்றி நடப்பாள். அண்ணனோ காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து டிராம் வராமல் பதினாலாம் நம்பரை அனுப்பவே இல்லை. கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும், இவர் கை மேலேயே இருக்கும். மூன்றாவது மெமோ வந்தது, டெப்போவுக்கும் போனார். டயர் எண்ணச் சொல்லவில்லை, கேட்டில் உட்கார வைத்தார்கள்.

"நீ பார்க்கலன்னு அவகிட்ட இன்னொரு தடவை நல்லா எடுத்துச் சொல்லேண்ணே" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

ஒருநாள்தான் பதில் சொன்னார். "அவளைப் பார்க்கல. ஆனா டிராம் நிக்கிறதைப் பார்த்தேன்ல? உள்ள யாரோ ஒருத்தர் இருப்பாங்கன்னு தெரியும்ல? அவ இல்லன்னா இன்னொருத்தன் தங்கச்சி. இதுல நான் என்னத்தைச் சொல்லித் தப்பிக்கிறது?"

இருபது வருஷம் அப்படியே ஓடிற்று. போன வருஷம் அண்ணனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதே மேட்டு ஆஸ்பத்திரி. நினைவு வரும், போகும். சின்னவளுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை அண்ணனிடம் சொன்னேன். "சின்னவ வர்றாண்ணே." அவர் சுவரில் கடிகாரத்தைத் தேடினார். "எத்தனை மணி டிராம்?" என்றார். நாக்கு குழறியது. அதுதான் அவர் பேசிய கடைசி வார்த்தை.

சாயங்காலம் சின்னவள் வந்தபோது அவர் கண் மூடியிருந்தது, மூச்சு மட்டும் இருந்தது. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏன்டி இவ்வளவு நேரம்? மூணே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாமே."

"பஸ் நின்னுட்டுதான் இருந்துச்சுக்கா. எனக்குத்தான் ஏற முடியல. அன்னைக்கு அண்ணன் நின்ன இடத்துல போய் நின்னேன். அவன் என்னதான் பார்த்தான்னு பார்க்கணும் போல இருந்துச்சு. வளைவுல ஒரு டிராம் மெதுவா திரும்புச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கண்ணாடியில வெறும் வானம்தான்க்கா தெரியுது. வெயிலும் அந்தத் தகரக் கூரையும். உள்ள ஒரு மூஞ்சி கூடத் தெரியல. அந்த டிராம் போயி அடுத்தது வர்ற வரைக்கும் நின்னேன். அதுலயும் தெரியல. அதுக்குள்ள பஸ் போயிடுச்சு."

கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அவர் காதில், "தெரியாதுண்ணே, அங்கிருந்து தெரியாதுண்ணே" என்று சொன்னாள். நர்ஸ் வந்து போதும் என்று சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் ஆயிரம் தடவை பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். ஒரு தடவையாவது தலையைத் திருப்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்திருக்கலாம்.